கரைவலையும் கணினியும்

ஓர் ஊரில் ஒரு நிறுவனம் தோன்றுவதற்கு ஒரு நாள் போதும். அது நிலைபெறுவதற்கோ ஒரு தலைமுறை வேண்டும். திறப்பு விழா நாளில் மாலைகள் உண்டு, மங்கல விளக்கு உண்டு, நிழற்படம் உண்டு. மறுநாட் காலை கதவைத் திறப்பவர் யார், கூட்டிப் பெருக்குபவர் யார், மாத முடிவில் வரும் மின்பட்டியலைச் செலுத்துபவர் யார் என்னும் வினாக்கள் அவ்விழா மேடையில் எழுவதில்லை. நமது கிராமங்களில் எழுந்த வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளைப் பொறுத்தே எனலாம். அவற்றின் வழித்தோன்றலாக வந்த கணினிப் பயனர் கழகத்தின் கதையும் இதனின்று வேறுபட்டதன்று. மேசைமேல் இருக்கும் பொருள் புதிது. அதனைக் காத்து நிற்கும் மனிதனின் பாடு பழையது.

கணினியைப் பெருங் கம்பனிகளின் ஆக்கம் எனக் கருதுவது பொது வழக்கு. ஆயினும் அது சாதாரண மனிதனின் மேசைக்கு வந்த வரலாற்றை நோக்குமிடத்து, ஊதியமின்றி உழைத்த கழகத்தினரின் பங்கு புலப்படும். 1975ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில், கோர்டன் பிரெஞ்ச் என்பவருடைய வீட்டின் வண்டிக்கொட்டகையில் முப்பது பேரளவில் கூடினர். அவரும் பிரெட் மூர் என்பவரும் கூட்டிய அக்கூட்டமே பின்னர் ஹோம்புரூ கணினிக் கழகம் எனப் பெயர்பெற்றது. தெரிந்ததைத் தெரியாதவர்க்குச் சொல்லுதல், வரைபடங்களைக் கைமாற்றிக்கொள்ளுதல் என்பனவே அதன் நடைமுறை. ஆப்பிள் கம்பனியின் முதற் கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வொஸ்னியாக் அக்கழகத்திற் பயின்றவர்.

அதனினும் எண்ணத்தக்கது பொஸ்டன் கணினிச் சங்கத்தின் கதை. 1977இல் அதனைத் தொடங்கியோருள் முதல்வர் ஜொனதன் ரோட்டன்பேர்க். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. உச்ச நிலையில் 30,000 பேர்வரை அதில் உறுப்பினராயிருந்தனர். எனினும் 1996இல் அது கலைக்கப்பட்டது. ஹோம்புரூ கழகமோ 1986இலேயே தன் கூட்டங்களை நிறுத்திவிட்டது. கணினி எளிதாயிற்று, கடைகள் பெருகின, கேட்டறிய வேண்டிய தேவை குறைந்தது. தன் பணி முடிந்தபின் ஒரு கழகம் கலைவது தோல்வியாகாது. ஆனால் பணி முடியுமுன் கலைவது வேறு. கழகங்கள் பற்றிய ஆய்வில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

இலங்கையிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. இலங்கைக் கணினிச் சங்கம் 1976இல் நிறுவப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினிக் கல்விக்கு அடித்தளமிட்ட பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க, 2007இல் மறையும் வரை இத்துறைக்கு உழைத்தார். 1990களின் இறுதியிலே மலைநாட்டின் கொத்மலைச் சமூக வானொலி ஒரு புதுமை செய்தது. கேட்போர் தமது வினாக்களை நிலையத்துக்கு அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பில் எடுத்துரைப்பர். கணினியைத் தொட்டறியாத உழவனுக்கும் அதன் பயன் எட்டியது. பின்னர் 2005 தொடக்கம் அரசின் ஈ-சிறீலங்காத் திட்டத்தின்கீழ், அறிவு மண்டபம் எனப் பொருள்படும் 'நெனசல' நிலையங்கள் நாடெங்கும் அமைந்தன. பொது நூலகங்களிலும் வழிபாட்டிடங்களிலும் அமைந்த அவற்றின் தொகை 700ஐக் கடந்தது. 2014இல் கேற்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர்ப் பரிசு அத்திட்டத்தைச் சேர்ந்தது. அரசு பொறியைத் தந்தது. பயிற்சியும் ஓரளவு தந்தது. ஆனால் ஓர் அறையை ஊரின் உடைமையாக்குவது அரசினால் ஆகாத காரியம். அஃது ஊரார் செய்ய வேண்டியது.

தமிழைப் பொறுத்தவரை தன்னார்வத் தொண்டின் சுவடு இன்னும் ஆழமானது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்கள் தட்டச்சிட்டு மின்வடிவில் யாவர்க்கும் இலவசமாய் வழங்கும் முயற்சி. 2005இல் தோன்றிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அவ்வாறே பேணலாயிற்று. இவை தோன்றிய காலத்தில் தமிழ் எழுத்துக்கே கணினியில் ஓர் ஒழுங்கு இருக்கவில்லை. பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத பொறியிலே பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாய்த் தோன்றும். ஒருங்குறி முறை 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்தபோதும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே சாதாரணப் பயனருக்கு அதன் பயன் எட்டத் தொடங்கியது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் பழைய எழுத்துருவும் புதிய குறிமுறையும் ஒரே மேசையில் முட்டிக்கொண்டன. தமிழ்க் கிராமத்துக் கழகப் பொறுப்பாளன் தன் உறுப்பினருக்கு முதலில் விளக்க வேண்டியிருந்தது இம்முட்டுப்பாட்டையே.

இனிப் புத்தளத்துக் கரையை நோக்குவோம். சிலாபத்திலிருந்து வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம் எனச் செல்லும் நிலமும், ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஒரு விரல் போல் நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடும் சேர்ந்தது இக்கரை. உப்பளமும் இறால் பண்ணையும் கருவாட்டு வாடியும் மரக்கறித் தோட்டமும் இங்கு அயலயலே கிடக்கின்றன. உடப்பிலே திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் தீமிதிப்பு; தலவிலவிலே புனித அன்னம்மாளின் திருவிழா; புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பள்ளிவாசல்களின் நோன்பிரவுகள். தமிழும் சிங்களமும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேயே. ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த அவர்தம் பிள்ளைகள் பழைய ஊரின் பெயரையும் புதிய ஊரின் முகவரியையும் ஒருங்கே சுமந்தவர்கள். இத்தகைய கரையில் ஒரு பொது அறையைத் திறப்பது என்பது, பல கதவுகளுள்ள ஒரு வீட்டுக்கு ஒரே திறப்பைச் செய்வது போன்றதாகும்.

இங்கு ஒரு பயனர் கழகத்தை நடத்த முனையும் இளைஞனின் நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். அவன் பெரும்பாலும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்நோக்கி நிற்பவன். அல்லது கலைப்பீடத்திற் பயின்று விடுமுறைக்கு ஊர் திரும்பியவன். பொறியியல் அறியான், வீட்டாரின் பார்வையில் தொழிலும் இல்லாதவன். எவரோ கைவிட்ட மூன்று பழைய கணினிகள், வாசிகசாலையின் பின்னறை ஒன்று, இரண்டு வாங்கு, நான்கு கதிரை - இவையே அவன் முதல்.

அவனுக்கு வாய்க்கும் முதற் பகை உப்பு. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து, பொறியினுள்ளே செம்புத் தடங்களையும் நினைவகப் பலகையின் முனைகளையும் அரிக்கும். நன்றாயிருந்த கணினி ஒரு காலையில் விழிக்க மறுக்கும். நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் முனையை மாணவர் பாவிக்கும் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தினால் சிலவேளை உயிர் பெறும். இவ்வைத்தியம் பாடநூலில் இருந்து வருவதன்று. ஒருவன் கையிலிருந்து மற்றவன் கைக்கு வருவது. கழகம் என்பது இதற்கே. காற்று வரும் பக்கத்து யன்னலை மூடி வைத்தலும், பொறிகளைத் துணியால் மூடுதலும், நாள்தோறும் சிறிது நேரமேனும் அவற்றை இயக்கிச் சூடேற்றி ஈரம் போக்குதலும் அவன் கற்கும் அடுத்த பாடங்கள்.

இரண்டாவது, மின்சாரம். நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் இக்குடாநாட்டின் நுரைச்சோலையிலேயே உண்டு. 2011இல் அதன் முதற் பகுதி இயங்கத் தொடங்கியது. மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாற்று வலுவுடையது. ஆனால் அதன் புகைபோக்கியை யன்னலூடே காண்பவனுக்குத் தனியான மின்சாரம் கிடையாது. 2022 மார்ச் இறுதியில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை இருளில் கிடந்தபோது இக்கரையும் கிடந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுதும் மின் தடைப்பட்டபோது நுரைச்சோலையும் நின்றது. எங்கோ ஒரு குரங்கு குதித்தாலும் எழுதிய கடிதம் பாதியிற் போகும் என்பதனாற் போலும், இரு வரிக்கு ஒருமுறை சேமித்துக்கொள்ளும் பழக்கம் இங்கு முதற் பாடத்திலேயே புகட்டப்பட வேண்டியதாகின்றது.

உப்பையும் மின்வெட்டையும் விடக் கடினமானது திறப்பு. அறையின் திறப்பு எவர் கையில் இருக்கின்றதோ அவரிடமே கழகம் இருக்கின்றது. செயலாளர் வீட்டில் தொங்கினால் அவர் வீட்டுத் திருமணத்தன்று கழகம் இல்லை. பொருளாளரோடு அவர் மனம் வேறுபட்ட நாளில் உறுப்பினர் வாசலில் நிற்பர். மூவர் கையில் மூன்று திறப்புகள் என்னும் ஏற்பாட்டைச் செய்வதற்குத் துணிவு வேண்டும். பொருள் களவு போகுமோ என்னும் அச்சம் அதற்குள் உண்டு. அதனினும் ஆழமாக, தான் இன்றியே கழகம் நடந்துவிடுமோ என்னும் அச்சமும் உண்டு. பின்னைய அச்சத்தை எவரும் வாய்விட்டு உரைப்பதில்லை.

நேர அட்டவணையும் ஒரு சமூக சாசனமே. மாலை ஆறு மணிக்குப் பின்னர் வைத்தால் பெண்பிள்ளைகள் வரமாட்டார். வெள்ளி நண்பகலில் வைத்தால் முஸ்லிம் இளைஞர் வரமாட்டார். ஞாயிறு காலையில் வைத்தால் கத்தோலிக்கர் வரமாட்டார். நோன்பு மாதமும் ஆடி விழாவும் தலவிலத் திருநாளும் குறித்த நாட்காட்டி சுவரில் தொங்காத கழகம், தன்னை அறியாமலே ஒரு சாராரின் கழகமாகிவிடும். தாய்மார் தம் மகளை அனுப்புமுன் அறையின் கதவு தெருவை நோக்கித் திறக்கின்றதா என்று பார்ப்பர். அவர்களைப் பிற்போக்காளர் என எள்ளுவது எளிது. வாங்குகளைத் திருப்பிப் போட்டு, கதவையும் யன்னலையும் திறந்து வைத்து, கற்பிப்போருள் இருவர் பெண்களாக அமையுமாறு செய்வதே பயன் தரும் விடை.

கழகத்தின் உண்மையான சோதனை பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நிகழ்கின்றது. திணைக்களத்தின் இணையத்தளத்தில் சுட்டெண்ணை இட்டதும் ஒரு பிள்ளையின் பல்லாண்டு உழைப்பு ஒரு திரையில் விரியும். பொறுப்பாளன் அதனை அவளுக்கு முன்னரே கண்டுவிடக்கூடும். பின்னால் நிற்போரும் காண்பர். சித்தியடைந்தவளுக்குக் கைதட்டும் அதே கூட்டம், அடுத்தவளின் தோல்வியையும் கண்டு மௌனமாகும். அம்மௌனம் மறுநாள் ஊர் முழுதும் பேசும். ஆதலால் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஒவ்வொருவரும் தத்தம் எண்ணைத் தாமே இட்டுத் தாமே பார்க்கும் விதியைச் செய்வதும், அதனைச் சொந்தத் தங்கைக்கும் தளர்த்தாமற் காப்பதும் ஒரு பொறுப்பாளனின் அறம். கடவுச்சொல்லும் இவ்வாறே. "தம்பி, நீயே எழுதி வைத்துக்கொள், எனக்கு ஞாபகம் இராது" என்று வெளிநாட்டில் உள்ள மகனோடு பேச வந்த முதியவள் நம்பிக் கொடுப்பாள். அந்நம்பிக்கையை மதிக்கும் வழி அதனை ஏற்காதிருத்தல். அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதுவித்து, அவள் முந்தானையிலேயே முடியச் செய்பவன் அவளுக்குக் கணினியை மட்டுமன்றி உரிமையையும் கற்பித்தவன் ஆகின்றான். ஒரு முறை ஒருவர் கடிதம் ஊருக்குத் தெரிந்துவிட்டால், நூறு புதிய கணினிகள் வந்தாலும் அவ்வறைக்கு மீண்டும் ஆள் வராது.

ஊதியமில்லாத இவ்வுழைப்பை எது தாங்கி நிற்கின்றது? இக்கரையிலே கூட்டுழைப்புக்கு ஒரு பழைய உருவம் உண்டு, அது கரைவலை. வலையின் ஒரு முனைக் கயிறு கரையில் நிற்க, வள்ளம் மறு கயிற்றைக் கடலுள் வளைத்துச் சுற்றிக் கரை சேர்க்கும். இரு பக்கமும் வரிசையாக நின்றோர் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இழுப்பர், மடி கரையேறும். தனியொருவனால் அவ்வலையை அசைக்கவும் இயலாது. ஒரு பக்கத்தார் மட்டும் இழுத்தால் மடி கோணி மீன் தப்பும். அங்கே சம்மாட்டி உண்டு. இழுத்தவர்க்குப் பங்கும் உண்டு. கழகத்திலோ சம்மாட்டியும் இல்லை, பங்கும் இல்லை. ஆயினும் ஒன்று பொது: இழுப்பவன் தன் கையிற் கயிற்றின் பாரத்தை உணர வேண்டும். எல்லாப் பாரத்தையும் பொறுப்பாளனே தாங்கி மற்றவரை விருந்தினராய் வைத்திருக்கும் கழகம், அவன் களைக்கும் நாளிற் களைத்துவிடும். உறுப்பினன் ஒருவன் மாதம் ஒருமுறை தரையைக் கூட்டினான், மற்றொருவன் கணக்கேட்டில் வரவு செலவை எழுதினான், இன்னொருத்தி தான் கற்றதை அடுத்தவளுக்குக் கற்பித்தாள் எனின் அஃதே பங்கு. அங்குக் கொடுப்பதே கிடைப்பதாகவும் அமைகின்றது.

கணக்கேட்டைப் பற்றி ஒரு சொல். ஐம்பது ரூபா சந்தாவையும் நூறு ரூபா நன்கொடையையும் சுவரிலே எழுதி ஒட்டுவது சிலருக்கு அற்பமாய்த் தோன்றும். நமது ஊர்ச் சங்கங்கள் பல கொள்கை முரண்பாட்டால் உடைந்தவையல்ல. சிறு தொகைக்குக் கணக்குச் சொல்ல முடியாமையால் உடைந்தவை. நேர்மையாளனுக்கும் ஏடு வேண்டும்; அஃது அவன் நேர்மைக்குச் சாட்சி.

இவை அனைத்துக்கும் மேலான வினா ஒன்றுண்டு. கழகத்தைத் தொடங்கியவன் ஊரை விட்டுப் போவான். பல்கலைக்கழக அனுமதி வரும். அல்லது மத்திய கிழக்கிலிருந்து விசா வரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் உடப்புத் தொழிலாளர் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து செல்வது நெடுநாள் வழக்கம். பெயர்ந்து செல்லுதல் இக்கரையின் இயல்பு. பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேருந்து ஏறும் இளைஞனின் பையில் அவ்வறையின் திறப்பும் சேர்ந்து போயிற்றாயின் அவன் நடத்தியது கழகமன்று, தன் பொழுதுபோக்கு. அவன் ஏறிய பேருந்து முந்தலைத் தாண்டுமுன், பதினாறு வயதுப் பெண்ணொருத்தி தன் கையிலுள்ள திறப்பால் கதவைத் திறந்து, துணியை நீக்கி, பொறியை இயக்கினாளாயின் அவன் ஏதோ செய்திருக்கின்றான். தன்னைத் தேவையற்றவனாக்குதலே தொண்டனின் நிறைவு. சொல்ல எளிதாகிய இது செய்ய மிகக் கடிது. ஏனெனில் தன்னைத் தேடி வருவோரைக் காணும் இன்பமே பலருக்கு இத்தொண்டின் ஒரே ஊதியம்.

கைத்தொலைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்ட இந்நாளில் இத்தகைய கழகம் எதற்கு என வினவலாம். பொஸ்டன் சங்கம் போல் இதுவும் பணி முடித்துக் கலையலாமே என்னும் வாதம் வலுவுடையதே. ஆயினும் 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நேர்ந்ததை மறத்தலாகாது. பாடங்கள் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டனர். ஊவா மலைப்பகுதியிலே பிள்ளைகள் அலைவரிசை தேடிப் பாறைமேல் ஏறினர். கருவி கையில் இருத்தல் வேறு, அதனால் கற்க இயலுதல் வேறு என்பதை அக்காலம் காட்டிற்று. மேலும், கைத்தொலைபேசி பார்ப்பதற்கும் வாங்குவதற்கும் நன்கு பழக்குகின்றது. ஆக்குவதற்கு அத்துணை பழக்குவதில்லை. விண்ணப்பம் எழுதவும், கணக்கு அட்டவணை அமைக்கவும், மீன் விலையை மாதவாரியாக ஒப்பிடவும், போலிச் செய்தியைப் பிரித்தறியவும் ஒருவர் அருகிருந்து காட்ட வேண்டியுள்ளது. பணி இன்னும் முடியவில்லை.

ஆக்கும் பணியில் கலைப்பீட மாணவனுக்குச் சிறப்பான இடமுண்டு. கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, அரச சேவையில் இருந்துகொண்டே இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் தொகுத்து 1834இல் ஒரு நூலாக்கினார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்துத் 'தமிழ் புளூட்டாக்' என ஆங்கிலத்தில் வெளியிட்டார். கணினி இல்லாக் காலத்தில் ஒரு கடற்கரை ஊரான் செய்த தரவுத்தளம் என அவற்றைச் சொல்லலாம். அதே கரையில் இன்று உடப்பு முதியோரின் அம்பாப் பாட்டு ஒலிப்பதிவாகாமல் மங்குகின்றது. இடம்பெயர்ந்தோரின் பழைய காணி உறுதிகளும் பள்ளிச் சான்றிதழ்களும் தகரப் பெட்டியில் கரையானுக்கு இரையாகின்றன. இவற்றை ஒளிவருடிப் பேணுதற்குப் பெரும் பொறியியல் அறிவு வேண்டா. மூன்று பழைய கணினிகளும், ஒரு வருடியும், எழுத்துப் பிழையின்றித் தமிழ் தட்டச்சிடும் இருவரும், அவர்களை நம்பித் தம் பெட்டியைத் திறக்கும் ஊராரும் போதும். இந்நான்கனுள் கடையிற் கூறிய ஒன்றே விலைக்குக் கிடையாதது.

பல்கலைக்கழகம் தன் மாணவரைப் பட்டத்தோடு ஊருக்கு அனுப்புகின்றது. அவர்தம் அறிவு ஊரின் பொது அறைக்குள் நுழைகின்றதா என்பதை எந்தப் பரீட்சையும் அளப்பதில்லை. புத்தளத்துக் கரையின் ஒரு பின்னறையில் மாலை நான்கு மணிக்குக் கதவு திறக்கின்றதா, திறப்பவர் நேற்றுக் கற்கவந்த ஒருவரா என்பதே அதற்கான அளவுகோல். கயிற்றைப் பிடிப்பதற்குக் கரையில் எப்பொழுதும் இடமுண்டு. வரிசையில் நிற்கக் கற்றவர்களே வேண்டப்படுகின்றனர்.